ஃபோல்கேயின் வண்டியில் பெட்ரோல் வாசம்

அன்று சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்க நாற்காலி இறந்துபோன ஃபோல்கேயுடையது. அதில் யாரும் உட்காரவில்லை. அதற்கு இடப்பக்கம் எவெர்ட், நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதிரே சீவ், நூலகத்தில் இருந்தவள். இவர்கள் இருவரும் வெளியாட்கள். இறந்தவர் விட்டுப்போனதைக் கணக்கெடுக்கும்போது உறவில்லாத இரண்டு பேர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஜன்னலோரம் நீள மரசோபாவில் மகன் ரோலண்டும் அவன் மனைவி உல்லா-பிரிட்டும். அடுப்பை ஒட்டிய முக்காலியில் மூத்தவள் குன்னெல். ஆறாவது ஆள் வெளியே, முற்றத்தில் நின்ற காருக்குள் தெர்மாஸ் காபியோடு இருந்தான்: குன்னெலின் கணவன் ஹன்னெஸ். குளிர் எவ்வளவு இருந்தாலும் நிற்கிற வண்டியில் என்ஜினை ஓடவிட மாட்டான். அவனை உள்ளே வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்பு ஹன்னெஸ் தன் மாமனாரின் வண்டிக்கு 'இரண்டு' போட்டான்.

ஹன்னெஸ் கடற்கரை நகரத்தில் வாகனப் பரிசோதகன். வருடாந்திரப் பரிசோதனையில் தாளில் 'இரண்டு' விழுந்தால் வண்டி தேறவில்லை, கோளாறைச் சரிசெய்து மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று பொருள். ஃபோல்கே, தன் ஊரான கிரான்ட்ரெஸ்கில் முப்பது வருடம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தியவர். தன் கையால் பார்த்த வண்டி எதற்கும் இரண்டு விழுந்ததில்லை என்பதை அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். அந்த வருடம் மகளைப் பார்க்க வந்த கையோடு பரிசோதனையையும் முடித்துவிடலாம் என்று மருமகன் வேலை பார்க்கும் நிலையத்துக்கே போனார். ஹன்னெஸ் அந்த வண்டியை வேறொருவனிடம் தள்ளிவிட்டிருக்கலாம். சொந்தக்காரர் வண்டியை அப்படித் தள்ளிவிடுவதுதான் முறையும்கூட. ஆனால் அன்று ஆள் குறைவு, பின்னால் நீள வரிசை. சலுகை காட்டினான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயத்தில், மற்றவர்கள் குறிப்பு மட்டும் எழுதி விட்டுவிடுகிற பிரேக் குழாய்த் துருவுக்கு இரண்டு போட்டான். அந்தக் குழாய் ஃபோல்கேயே மாற்றிப் போட்டது. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் கிரான்ட்ரெஸ்க் ஆட்கள்.

ஃபோல்கே சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் சத்தம் போடுவதில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். மகள் செய்து வைத்திருந்த சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போனது. அடுத்த தடவை குன்னெல் போனில் கூப்பிட்டபோது, வண்டி சரியில்லை என்றார்.

அதற்குப் பிறகு வண்டி சரியாகவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு வாங்க என்றால், ஆயிலில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது, தூரப்பயணம் தாங்காது. கோடை விடுமுறைக்கு வாங்க என்றால், ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது, நடுக்காட்டில் நின்றுபோனால் யார் இழுப்பது. நோயாளிச் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல, போனை எடுத்ததும் குன்னெல் முதலில் என்ஜினைத்தான் விசாரிப்பாள். "இன்னிக்கு எப்படி இருக்குப்பா?" என்பாள். "அப்படியேதான் இருக்கு" என்பார்.

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் அவர் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அவள் வளர்ந்ததே அந்த வாசங்களுக்கு நடுவில். ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே ஃபோல்கே ஊர்க்கதை முழுவதையும் ஆயிலை வைத்தே சொல்வார். இன்னார் வண்டி ஆயிலில் சர்க்கரைப்பாகு மாதிரி இனிப்பு வாசம், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, பனி உருகுவதற்குள் என்ஜின் போய்விடும். இன்னார் மகன் வண்டியில் கருகின வாசம், பயல் ராத்திரியில் பந்தயம் விடுகிறான். பள்ளிக்கூட வாத்தியார் வாரா வாரம் அம்மாவைப் பார்க்க எண்பது கிலோமீட்டர் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வண்டி ஆயிலில் பச்சைப் பெட்ரோல் வாசம் அடிக்கிறது, வாத்தியார் ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பில் மேசை ஆடும். குளிர் தேசத்தில் வண்டி கொஞ்சதூரம் மட்டும் ஓடி நின்றால் என்ஜின் சூடேறாது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடும், ஈரம் மூடியில் வெண்ணெயாகப் படியும். தூரம் ஓடிச் சூடேறினால்தான் இரண்டும் ஆவியாகிப் போகும்.

ஆகவே குன்னெலுக்கு வைத்தியமும் தெரிந்திருந்தது. ஹன்னெஸும் அதையேதான் சொன்னான், சமாதானம் பேசுகிற தோரணையில். "பக்கத்துல பக்கத்துல ஓட்டினா இன்னும் மோசமாத்தான் ஆகும்னு சொல்லு. வாரம் ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனாலே ஆயில் சுத்தமாயிடும்." அதை அவள் அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அவர் யோசிக்கிறேன் என்றார். குளிரில் கிளம்பும்போதுதான் கெடுகிறது என்று, கிளப்புவதற்கு முன் என்ஜினை மின்சாரத்தில் சூடாக்கி வைக்கிற ஹீட்டரும் ஒன்று வாங்கி, உள்ளதில் நல்லதாகப் பார்த்து, கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினாள். அதற்கு நன்றி சொன்னார்.

மாதம் ஒரு தடவை அவள்தான் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்பதால் எப்போதும் சனிக்கிழமை. காரேஜ் பூட்டியிருக்கும். "அது தூங்கட்டும் விடு" என்பார். அவளுடைய வீட்டில் மாடி அறை அவருக்காக எட்டு வருடமாக விரித்தபடி கிடந்தது. அவருக்கு வர ஆசைதான், வண்டிதான் விடவில்லை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லுவாள், தன்னிடமும் சொல்லிக்கொள்வாள்.

எவெர்ட் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். வீடு, படகு, வேட்டைத் துப்பாக்கி, மரம் அறுக்கும் எந்திரம். உல்லா-பிரிட் எல்லாருக்கும் காபி ஊற்றி ஏலக்காய் ரொட்டியைத் தள்ளிவைத்தாள். கடைசியில் வண்டி வந்தது.

"அது பழைய இரும்புதான்" என்று முதலில் சொன்னது குன்னெல்தான். "என்ஜின் போயிடுச்சு. ரொம்ப வருஷமா ஆயில்ல பெட்ரோல் இறங்குது." சொல்லும்போது அவள் குரலில் செத்தவரைப் பற்றிப் பேசுகிற மென்மை இருந்தது.

ரோலண்ட் உடனே தலையாட்டினான். தானே ஒரு நாள் வந்து இழுத்துக்கொண்டு போய் இரும்புக்காரனிடம் போட்டுவிடுவதாகவும், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றும் சொன்னான். உல்லா-பிரிட் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவெர்ட் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நிறுத்தினார். "விவரம் குடுக்கறது நீதாம்மா. மானம், மனசாட்சி மேல சத்தியம்னு கையெழுத்துப் போடப்போறவ. நீ பாத்தியா அந்த வண்டியை?"

அவள் பார்க்கவில்லை.

"பாத்துட்டு வந்துடேன். நாங்க எங்கயும் ஓடிடப்போறதில்ல, ரொட்டி இன்னும் இருக்கு."

வெளியே குளிருகிறது, ஒரு மூடியைத் திறந்து பார்த்து ஆகப்போவது என்ன என்று ரோலண்ட் தடுத்தான். குன்னெல் அதற்குள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவிட்டாள். அவளுக்கும் ஒரு தடவை பார்க்கவேண்டும்போல் இருந்தது. எட்டு வருடம் நலம் விசாரித்த நோயாளியை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

காரேஜில் விளக்கைப் போட்டாள். வண்டி துடைத்து வைத்தது போல் நின்றது. முன்பக்கத்திலிருந்து ஹீட்டரின் மின்கம்பி சுவர் வரைக்கும் போயிருந்தது. அவள் அனுப்பியதுதான். செருகுகிற முனை தேய்ந்து பளபளத்தது, கம்பியின் உறை வளைகிற இடத்தில் வெடித்து டேப் சுற்றியிருந்தது. அப்பா பயன்படுத்தியிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினாள். கிழிசல் துணியில் ஒரு தடவை துடைத்தாள், மறுபடி விட்டு எடுத்தாள், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

பெட்ரோல் வாசம் இல்லை.

துளி ஆயிலைக் கட்டைவிரலில் எடுத்துத் தேய்த்து மறுபடி முகர்ந்தாள். லேசான சூட்டு வாசம். நெடுஞ்சாலை லாரிகளை அப்பா திறக்கும்போது வருமே, ஆற அமரக் காய்ந்து, மறுபடி மறுபடி காய்ந்து முதிர்ந்த வாசம், அது. பிறகு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகித் திறந்து உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெய் இல்லை. தேன் நிறத்தில் மெல்லிய படலம், அவ்வளவுதான். ஈரம் தங்க நேரமே கிடைக்காத மூடி.

கதவருகே ரோலண்ட் வந்து நின்றிருந்தான்.

"அக்கா, ஆயில் நான் மாத்தினேன். இலையுதிர் காலத்துல. அதான் வாசம் இல்ல."

அவள் கம்பியை விளக்கில் காட்டினாள். "புது ஆயில் வெளுப்பா இருக்கும்டா. இது கறுப்பா இருக்கு. பாடுபட்ட கறுப்பு. பெட்ரோலும் இல்ல, தண்ணியும் இல்ல. ஒர்க்‌ஷாப்ல நீ மட்டும்தான் வளந்தியா?"

அவன் பூட்ஸ் முனையால் தரையில் இருந்த பனியைத் தள்ளினான்.

"இந்த வண்டி தூரம் ஓடியிருக்கு. வாரா வாரம் ஓடியிருக்கு. எங்க ஓடிச்சு?"

அவன், உள்ளே வா, குளிருது என்று மட்டும் சொன்னான். அவள் கம்பியைத் துடைத்து இடத்தில் செருகி, பானெட்டை மூடி, விளக்கை அணைத்தாள். எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். முற்றத்தைக் கடக்கும்போது காருக்குள் இருந்து ஹன்னெஸ் கையைத் தூக்கினான். அவள் கவனிக்கவில்லை.

சமையலறையில் அவள் தன் முக்காலிக்குப் போகாமல் உல்லா-பிரிட்டுக்கு எதிரே நின்று அதே கேள்வியைக் கேட்டாள். எவெர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ரோலண்ட்தான் முந்திக்கொண்டான். அப்பா எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பக்கம் வருவதுண்டு என்றான். சில சமயம்தான்.

"சில சமயமா?" என்றாள் உல்லா-பிரிட். அவளுக்குப் பொய் பேசிப் பழக்கம் இல்லை, இத்தனை வருடம் பேசாமல் இருந்துதான் சமாளித்திருந்தாள். "அண்ணி, அவருக்குன்னு எங்க வீட்டுல ஒரு தட்டு, ஒரு செருப்பு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு உருளைக்கிழங்கை வடிக்கும்போது வண்டிச் சத்தம் கேக்கும். பனி கொட்டினாலும் வருவாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவரேதான் சொன்னாரு. குன்னெலுக்கு மனசு கஷ்டமாயிடும்னாரு."

"கஷ்டமாயிடும்னாரா."

"ஆமாண்ணி."

ஃபோல்கேயின் வீட்டு வாசலில் இருந்து இடப்பக்கம் திரும்பினால் கடற்கரை, குன்னெலின் ஊர். வலப்பக்கம் திரும்பினால் மலை, ரோலண்டின் ஊர். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். அவள் போனில் சொன்ன வைத்தியத்தை அவர் கேட்டிருக்கிறார். வாரம் ஒரு தடவை தூரப்பயணம், சூடேறின என்ஜின், சுத்தமான ஆயில். அவள் அனுப்பிய ஹீட்டரைச் சனிக்கிழமை ராத்திரி, அவள் பஸ் ஏறிப்போன பிறகு செருகிவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வலப்பக்கம் திரும்பியிருக்கிறார்.

ஆத்திரம் என்று சொல்ல ஒன்றும் அவளுக்கு வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. உன் புருஷன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அவள் சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். ஹன்னெஸைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தச் சமையலறையில் மன்னிப்புக் கேட்க வைத்திருப்பாள். ஒரு வருடத்தில் முடிந்திருக்கும். அவர் ஆயில்மேல் பழியைப் போட்டார். ஆயிலோடு யார் சண்டை போடுவது?

ரோலண்ட் மேசையில் முன்னால் சாய்ந்து தணிந்த குரலில் பேசினான்.

"அக்கா, பழைய இரும்புன்னே போட்டுடலாம். வண்டிக்காக நான் சொல்லல, வேணும்னா நீயே எடுத்துக்கோ. அப்பா அப்படித்தானே சொல்லிட்டிருந்தாரு? அவரு சொன்னதே நிக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

சீவ் ஜன்னலைப் பார்த்தாள். நூலகத்தில் இருந்த பழக்கம், மற்றவர்கள் படிப்பதைப் பார்க்காமல் இருப்பது. எவெர்ட் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி காத்திருந்தார்.

குன்னெல் யோசித்தாள். தம்பி சொல்வதில் கருணையும் இருந்தது, வண்டியை வைத்துக்கொள்கிற ஆசையும் இருந்தது. ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை. இரும்பு என்று எழுதினால் அந்தத் தாள் அரசாங்கத்தில் கிடக்கும் காலம் வரைக்கும் ஃபோல்கே என்பவர் வர ஆசைப்பட்டு வண்டி கெட்டுப்போனதால் வர முடியாத ஒரு தகப்பன். நல்ல வண்டி என்று எழுதினால், அதே தாளில், அவளுடைய கையெழுத்தின் கீழ், மானம் மனசாட்சி மேல் சத்தியமாக, அவர் வந்திருக்க முடியும், வரவில்லை.

கட்டைவிரலில் வாசம் இன்னும் இருந்தது.

"நல்லா ஓடற வண்டின்னு எழுதுங்க, எவெர்ட். என்ஜின் நல்ல நிலைமையில."

"நிச்சயமாவா?"

"நான் பாத்தேன். பாத்ததை மாத்தி எழுதச் சொல்றீங்களா?"

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு, ஆறிப்போன சாப்பாட்டு மேசையில், ஹன்னெஸ் அவளிடம் சொன்னதும் இதேதான்.

எவெர்ட் எழுதினார். எல்லாரும் அவரவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ரோலண்டின் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மூலத்தை எவெர்ட் பெரிய உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டி, அவள் இன்னொரு தடவை வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும் என்று உறையின் வாயை ஒட்டாமல் கொடுத்தார். உல்லா-பிரிட் மிச்ச ரொட்டியைப் பையில் போட்டு நீட்டினாள். குன்னெல் வாங்கிக்கொண்டாள், வாங்காமல் போனால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஹன்னெஸ் கிளப்பினான். ஊர் எல்லைக்கு முன் வருகிற கடை வரைக்கும் அவள் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆயிலைச் சொன்னாள், மூடியைச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சொன்னாள். ஹன்னெஸ் அதிர்ச்சி அடையவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு, கியரை மாற்றத் தேவையில்லாத இடத்தில் மாற்றினான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்."

அவன் வண்டியைக் கடை வாசலில் ஓரம்கட்டினான். என்ஜினை அணைத்தான்.

"ஒவ்வொரு வருஷமும் பரிசோதனைக்குப் போகும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பதிவாகும். எந்த ஊர்ல பண்ணினாலும் எங்க கம்ப்யூட்டர்ல தெரியும். கடைக்குப் போய்வர அவ்வளவு ஓடாது."

"எப்போலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"வாரம் ஒரு தடவை வரச் சொல்லு, ஆயில் சுத்தமாயிடும்னு சொன்னியே. அது?"

"அது அதுக்கு முந்தி" என்றான். பிறகு, "ஒரு தடவை அந்த வண்டியைப் பத்தி உண்மையை எழுதினேன், குன்னெல். என்ன ஆச்சுன்னு பாத்தே. ரெண்டாவது தடவை எனக்கு தைரியம் வரல" என்றான்.

தம்பிக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, புருஷனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் அவள் மனம் கஷ்டப்படக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எட்டு வருடமும் அவள் மாடி அறையில் போர்வை உறையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் உறையிலிருந்து தாளை எடுத்தாள். வண்டி இருக்கிற வரியை மட்டும் வாசித்தாள். எவெர்ட்டின் கையெழுத்து பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, சந்தேகத்துக்கு இடம் வைக்காதது. திருத்த நினைத்தால் இன்னும் திருத்தலாம். பேனா அவள் பையிலேயே இருந்தது.

தாளைத் திரும்ப உள்ளே தள்ளினாள். உறையின் பசையை நாக்கால் நனைத்து மடித்து, விளிம்பு நெடுக கட்டைவிரலால் அழுத்தினாள். வெள்ளை உறையில் அழுத்திய இடமெல்லாம் ஆயில் பழுப்பாகப் படிந்தது. தேய்த்துப் பார்த்தாள், இன்னும் பரவியது. இறங்கிக் கடைச் சுவரில் இருந்த மஞ்சள் தபால்பெட்டிக்கு நடந்து, பனி மூடியிருந்த வாயைக் கையுறையால் தட்டித் திறந்து, உறையை உள்ளே போட்டாள்.